பிலோமின்ராஜின் கடைசிச் சிப்பாய்

பிலோமின்ராஜ் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பாலக்கரை வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வருவான், திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். எங்கள் கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா. எனக்குப் பக்கத்து மேஜை. செஸ்ஸிலும் அதே புத்திதான். துணையில்லாமல் ஒரு சிப்பாயை முன்னே விடமாட்டான். ஒன்றையொன்று காக்கும்படி கோர்த்துக் கோர்த்துத்தான் நகர்த்துவான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த வரிசையை ஒருநாளும் என்னால் உடைக்க முடிந்ததில்லை.

1962இல் தற்காலிக ஆட்களை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. மானேஜருக்குச் செஸ் பைத்தியம். மெட்ராஸ் போட்டிக்கான டீமில் ஒரு இடம் காலி, அதில் சேருகிறவனுக்கு வேலை நிரந்தரம் என்றார். பிலோமின்ராஜும் குத்புதீன் என்ற இன்னொரு தற்காலிக குமாஸ்தாவும் ஆட வேண்டும். சமமாக முடிந்தால் சீனியரான குத்புதீனுக்கே இடம்.

பிலோமின்ராஜின் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அவனுக்குத் தெரிந்ததோ நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் தாண்டாது. போட்டியோ இங்கிலீஷ் முறையில். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வித்தியாசங்களைச் சொல்லிக்கொடுத்தேன். வேறு ஏதாவது மாறுகிறதா என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசி நாளும் கேட்டான்.

"உசிர வாங்காதய்யா, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் ஸ்டாப்பில் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் மானேஜர் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே வந்தான்.

குத்புதீன் அவசரக்காரர். அடித்துப் பிடித்து முன்னேறியதில் அவருடைய சிப்பாய்கள் சிதறிப்போயின. ஒன்று தனியாக நின்றது. இரண்டு ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டன. காக்க ஆளில்லாத அவற்றைப் பிலோமின்ராஜ் நிதானமாக ஒவ்வொன்றாக வெட்டினான். வெட்டும் குத்துமாய் எல்லாம் போய், கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்களும் பிலோமின்ராஜின் ஒரு சிப்பாயும்தான் மிச்சம். ஆரம்பத்தில் குதிரை நிற்கும் வரிசையில் அது முன்னேறியது. கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாக்கிக்கொள்ளலாம், வேலை நிரந்தரம். ஆனால் அவன் முகம் செத்துக் கிடந்தது. ஜெயிக்கப்போகிறவன் முகமா இது என்று எனக்குக் கோபமே வந்தது.

சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. வெட்டுப்பட்ட காய்களுக்குள் கையை விட்டு, ராணியை ஒதுக்கிவிட்டு, குதிரையை எடுத்து வைத்தான்.

நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேருகிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். இங்கிலீஷ் ஆட்டத்தில் அப்படியில்லை. இதை மட்டும் நான் அவனிடம் சொல்லவேயில்லை. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்றுகூடத் தோன்றவில்லை, பாவி எனக்கு.

ஒற்றைக் குதிரையால் ராஜாவை மடக்க முடியாது. ஆட்டம் சமம் என்றார் மானேஜர். ராணி வைத்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது, பிலோமின்ராஜ் திரும்பி என்னைப் பார்த்தான்.

மாதக் கடைசியில் அவனை நிறுத்திவிட்டார்கள். மனைவியோடு வையம்பட்டிக்கு, மாமனார் வீட்டுக்குக் கிளம்பிய அன்று என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தான்.

"நீங்க சொல்லியிருப்பீங்க சார். நாந்தான் பயத்துல மறந்துட்டேன்" என்றான்.

"ஆமாய்யா, சொன்னேன்" என்றேன்.