என் குரலில் ஒரு கட்டில் கடை

ஆட்டோவில் மைக் கட்டி ஊர் சுற்றி அறிவிப்புச் சொல்வது என் பிழைப்பு. கடை திறப்பு, கோயில் கொடை, கரண்ட் கட் எல்லாம் சொல்வேன். ஆனாலும் சங்கரன்கோவிலில் முக்கால்வாசிப் பேருக்கு நான் சாவு சொல்லுகிற ஆள்தான். “உங்க வாயால கேட்டாத்தான் அண்ணாச்சி, செத்தது உறுதியாவுது” என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். இதைவிடப் பெரிய சான்றிதழை யார் தரப்போகிறார்கள்? நான் சொன்னால் ஊர் நம்பும். அந்த நம்பிக்கை போனால் என்னிடம் மிஞ்சுவது வெறும் தொண்டை.

டீக்கடையில் பேப்பரை உரக்க வாசிப்பது என் பழக்கம். ஏஐ மெஷின் ஒருவருடைய குரலிலேயே பேசுமாம், அப்படிப் பேசவைத்தால் இது மெஷின் என்று அடையாளம் போட வேண்டும் என அரசாங்கம் விதி கொண்டுவந்திருக்கிறதாம், ஒருவன் குரலும் முகமும் அவனுடைய உரிமை என்று உலக நாடுகளிலும் பேசுகிறார்களாம் என்று ஒருநாள் வாசித்தேன். டீ மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒம்ம குரலை எவன் வே களவாங்கப் போறான்” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வாரமே களவு போனது. கடையநல்லூரில் சிநேகிதர் வீட்டு நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். இங்கே புதிதாகக் கட்டில் கடை திறக்கவிருந்தவர் என்னைத் தேடியிருக்கிறார். ஆள் இல்லை. குரல் இருந்தால் போதும், மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று செல்போன் கடைக்காரர் தைரியம் கொடுத்திருக்கிறார். அவர்கள் கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த என் சாவு அறிவிப்பு ஒன்றுதான். மெஷின் பாவம், குரலோடு துக்கத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டது.

மறுநாள் காலை அந்தக் குரலைப் போட்டுக்கொண்டு ஒரு வாடகை ஆட்டோ கிளம்பியது. எழுதிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் பேரைச் சொல்லி, அனைவரையும் வருக வருக என்றுதான் அழைத்தது. ஆனால் அந்தப் பேரைச் சொன்ன தழுதழுப்பைக் கேட்ட பிறகு மிச்சத்தை யார் கேட்பார்கள்?

திறப்பு விழாவில் நின்ற கடைக்காரருக்கு சிவகிரியிலிருந்து போன். அறிவிப்பைக் கேட்ட யாரோ சொல்லி, அவருடைய அக்கா வீட்டுக்காரர்.

“எப்ப எடுக்காவ?”

“யாரை அத்தான்?”

“ஏலே, நீ இருக்கியா?”

விஷயம் கேள்விப்பட்டு நான் கொதித்துப்போய் பஸ் பிடித்து வந்தேன். வந்தால் கடை வாசலில் அந்த அத்தான் ஆளுயர ரோஜா மாலையோடு நிற்கிறார். போன் செய்யுமுன்னே சாவுக்கென்று வாங்கியதைத் திரும்பக் கொண்டுபோகவா முடியும் என்று மைத்துனர் கழுத்திலேயே போட்டார். கோபமாவது ஒன்றாவது, நான் சிரித்த சிரிப்பில் புதுக் கட்டில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. “நாளைக்கு நான் நெசமான சாவைச் சொல்லுதேன்னு வையும். அதுவும் மெஷின்தான்னு நெனச்சு ஒருத்தன் பெத்த அம்மை முகத்தைப் பாக்காம இருந்துட்டா?”

அவர் முகம் மாறிவிட்டது. “இப்பவே போயிச் சொல்லுவோம்” என்று அந்த ஆட்டோவிலேயே என்னை ஏற்றி, மாலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காலையில் போன அதே தெருக்களில் போனோம். காலையில் பேசியது மெஷின், இப்போது பேசுவது நான், கடைக்காரர் சுகமாக இருக்கிறார், கட்டிலும் சுகமாக இருக்கிறது என்று அறிவித்தேன். பூ மார்க்கெட் முக்கில் பூக்கட்டுகிற அம்மா ஆட்டோவை மறித்தார்.

“மைக்கை வச்சிட்டு எறங்கி வா மக்கா. நீதானான்னு பாக்கணும்.”

இறங்கி வெறும் வாயால் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்காரர் கையைக் கிள்ளியும் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

அன்றிலிருந்து எந்தச் சாவு சொல்லக் கிளம்பினாலும் முதலில் அந்த முக்கில் இறங்கிவிடுவேன். வாழைநாரை இழுத்துக்கொண்டே அந்த அம்மா தலை தூக்கிப் பார்ப்பார்.

“ஆளேதான். இன்னைக்கு யாரு மக்கா?”