குடிலுக்குப் போன கூட்ஸ் ஷெட்

எனக்கு ரயில் மாடல் பைத்தியம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுவதும் தண்டவாளம் ஓடுகிறது. நானும் மனைவியும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

போன டிசம்பரில் ஒரு பிளாஸ்டிக் கூட்ஸ் ஷெட் கிட் வாங்கினேன். ஒட்டி நிமிர்த்தினால் சோப்பு டப்பா மாதிரி வழவழவென்று நின்றது. அதற்குக் கல் சுவர் வந்தே தீரவேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. பெயின்ட் அடிக்குமுன் சுவரில் பூசும் பட்டியை மெல்லிசாகப் பூசி, காய்வதற்குள் ஊசியால் கீறி, வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் காட்டியபடி கல் கல்லாகப் பிரித்தேன்.

மறுநாள் கம்பெனி பஸ் ஹெப்பாளில் ஒரு பழைய கல் காம்பவுண்டு ஓரமாக நின்றது. ஜன்னல் வழியே உற்றுப் பார்த்தேன். நம் ஊர்ச் சுவரில் கல்லுக்கு நடுவே பள்ளமே இல்லை. சிமெண்ட் கோடு ரிப்பன் போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறவன், இத்தனை நாள் எதைத்தான் பார்த்தேனோ.

வீட்டுக்கு வந்து பள்ளங்களின் மேல் பட்டியால் கோடு எழுப்பிப் பார்த்தேன். கோடு புழுவாக நெளிந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஐசிங் வைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து, வழக்கம்போலக் கன்னடம் கலந்து சொன்னாள்.

"சொல்ப தள்ளுங்க. உங்க கைக்கு இது வராது."

பட்டர் பேப்பர் கூம்பில் பட்டியை நிரப்பி, ஒவ்வொரு கல்லையும் சுற்றி நூல் பிடித்தாற்போல் கோடு இழுத்தாள். நான் பின்னாலேயே சாம்பல், கறுப்பு, கொஞ்சம் டீ டிகாஷன் என்று தீட்டிக்கொண்டு வந்தேன். காரணமே இல்லாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கேக்கை மறந்தேபோனோம்.

முடிந்ததும் அவள் ஷெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்துவிட்டாள். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வீடு வீடாக வந்து குடிலுக்கு மார்க் போடுவார்கள். வருடா வருடம் அவளுக்கு ஆறுதல் பரிசுதான். இந்த முறை முதல் பரிசு வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தாள். சுண்டுவிரல் உயரச் சூசையப்பரும் மாதாவும் ஷெட் வாசலில் அளவெடுத்தது போல நின்றார்கள்.

மார்க் போட வந்த ஃபாதர் குனிந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா ரெடிமேட் வாங்கி வச்சா மார்க் இல்லையே."

"நாங்களே பண்ணினது ஃபாதர்."

"ஆன்லைன்ல அப்படியே இது மாதிரி வருதே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சுவரைக் கடைச்சரக்கு என்கிறார், இதைவிட என்ன வேண்டும். பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பேனாக்கத்தியை எடுத்தேன். "டப்பா மட்டும்தான் வாங்கினது ஃபாதர். கல்லெல்லாம் எங்க வேலை." சொல்லிக்கொண்டே, எனக்கு ரொம்பப் பிடித்த மூலைக்கல்லைப் பெயர்த்தேன். வெள்ளையாகப் பட்டி உதிர்ந்தது, உள்ளே வழவழப்பு தெரிந்தது. மனசு வலிக்கும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. ஃபாதரும் சிரித்தபடி பேனாவைத் திறந்தார்.

முதல் பரிசு பிற்பாடு வந்தது, ஒரு பிளாஸ்க். அன்று அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பட்டித்தூள் ஒட்டிய என் கையை மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கோயிலில் பிடித்த பிறகு, ஒரு ஃபாதர் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.