கட்டிலுக்கு அடியில் டைல்ஸ்

ஞானகுமாரி ஒன்றை நினைத்துவிட்டால் அவளை மாற்றுவதற்குச் சேக்காட்டில் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நான்தான் அவ்வப்போது வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறவள் என்பதால் அளவு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் ஒருமுறை அவளை நன்றாகக் கவிழ்த்தது.

அவள் புருஷன் அந்தோணிராஜ் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகள் ஷாரன் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, முன்னறையில் பெயர்ந்து கிடந்த சிமெண்ட் தரையில் ஊன்றுகோல் மாட்டி மனுஷன் குப்புற விழுந்தார். ஞானகுமாரி வேலைக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடினேன். என்னால் தூக்க முடியுமா? தெருவில் போனவர்களைக் கூப்பிட்டேன். லுங்கி விலகிக் கிடந்தவரை நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளே அவர் தங்கை சகாயமேரி வந்து வேப்பம்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே தரை நன்றாக இருக்கும், கூடவே ஆளும் இருக்கும். போனவர் திரும்பி வருவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானகுமாரி ரயிலேறிப் போவாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடுவாள். அவரிடமிருந்து ஒரே பதில்தான். "எதுக்கு? மறுபடியும் தெருவே ஒன்னா சேந்து என்னத் தூக்கவா? நான் இங்கயே கீறேன். உன் வேலையப் பாத்துகினு போ."

இதற்குள் எங்கள் தெரு சும்மா இருக்குமா? கட்டினவனைத் தங்கச்சி தலையில் கட்டிவிட்டு ஜாலியாக இருக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு வேப்பம்பட்டிலிருந்து திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"மைதிலி, முன்னறைக்கு டைல்ஸ் போடப் போறேன். அந்த ஆளு தானா நடந்து உள்ள வர்ற மாதிரி தரைய மாத்திக் காட்டல, நான் ஞானகுமாரி இல்ல."

டைல்ஸ் ஒட்டுகிற வினோத் வந்து டேப்பை விரித்தான். அறை பத்துக்குப் பன்னிரண்டு. "நூத்தி இருவது சதுரடிக்கா. ரெண்டுக்கு ரெண்டு கல்லு. பாக்ஸுக்கு நாலு கல்லு வரும். பதினாறு சதுரடின்னு நெனச்சிக்காத, பதினஞ்சரைதான் தேறும். ஓரம் வெட்டணும், சிலது ஒடையும். சுவத்தோரம் கீழ ஒரு பட்டி ஒட்டணும். எல்லாம் சேத்து பத்து பாக்ஸா வாங்கிடு."

"பத்தா? எட்டு போதும்" என்றாள்.

"எப்டிக்கா?"

"கட்டிலு ஆறுக்கு நாலு. பீரோ மூணுக்கு ரெண்டு. ரெண்டுமே கெடக்கிற எடத்துல கெடக்கும். அதுக்கடியில டைல்ஸ் போட்டு யாருக்குக் காட்டப் போறேன்? முப்பது சதுரடி கழிஞ்சிதா? ரெண்டு பாக்ஸ் போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி, வீடு கட்டினவ யாராச்சும் கட்டிலுக்கு அடியில பள்ளம் உடுவாளா?" என்று கேட்டேன். மிச்சம் பிடிப்பதை வைத்துக் கழிவறையில் கம்பிப் பிடி வைக்கப் போவதாகச் சொல்லி என் வாயை அடைத்தாள். வினோத் தலையைச் சொறிந்தான். "பின்னாடி வேணும்னா அதே கலரு கெடைக்காதுக்கா. ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு ஷேடு" என்று சொன்னான். அவள் காதில் ஏறவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கட்டில் உள்சுவரோரம்தான் கிடக்கிறதாம், இனிமேல் எங்கே நடந்து போகப் போகிறது என்றாள்.

கல் வாங்கப் பூந்தமல்லி ரோட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கையில் அந்தோணிராஜின் பழைய ஊன்றுகோல். பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், இவள் வெட்கமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டாள். கடையில் பளபளவென்று காட்டிய எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொரசொரப்பான கல்லாக எடுத்துத் தரையில் போடச் சொன்னாள், ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு அதன்மேல் ஊற்றினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மொத்த உடம்பையும் ஊன்றுகோலில் சாய்த்து அந்த ஈரக் கல்லின்மேல் நின்றாள். கடைக்காரர் பதறி ஓடிவந்தார். எனக்கு மானம் போயிற்று. நாலு கல்லில் வழுக்கியது. ஐந்தாவதாக ஒரு சாம்பல் நிறக் கல், ஊன்றுகோல் அசையவில்லை. "இது எட்டு பாக்ஸ்" என்றாள்.

வினோத் முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்தான். உள்சுவரோரம் கட்டில் அளவுக்கு ஒரு பள்ளம், மூலையில் பீரோ அளவுக்கு ஒரு பள்ளம். இரண்டிலும் அந்தந்தச் சாமான்களை இறக்கி வைத்தார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அன்று சாயந்தரம் புருஷனுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தரை ரெடி. தண்ணி ஊத்தி நின்னு பாத்தேன், வழுக்கல. வந்து பாருய்யா."

இந்த முறையும் போ என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "கட்டில ஜன்னலாண்ட போட முடியுமா? பட்டறை பசங்க போறப்ப வரப்ப ரெண்டு வார்த்த பேசிகினு இருப்பேன்."

எத்தனையோ மாதத்தில் அந்த மனுஷன் தன் வீட்டில் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. "அதுக்கென்னய்யா, போட்டுட்டா போச்சு" என்று சொல்லிப் போனை வைத்தாள் ஞானகுமாரி. வைத்தவள் முகம் செத்துப்போயிருந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினால் அந்தப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதுவும் ஜன்னலிலிருந்து கழிவறைக்குப் போகிற வழியிலேயே. ஊன்றுகோல் நேராக அதில்தான் இறங்கும்.

"நானே குழி வெட்டி வெச்சிருக்கேன்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அழுகிறவளிடம் அதைச் சொல்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

அழுகை கொஞ்ச நேரம்தான். மறுநாள் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். பழைய கடையில் அந்த லாட் தீர்ந்துபோயிருந்தது. ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று கடைகடையாக ஏறி இறங்கினோம். சாம்பல் இருந்தது, ஆனால் எங்கள் சாம்பல் இல்லை. கையோடு கொண்டுபோன உடைந்த துண்டின் பக்கத்தில் வைத்தால், ஒன்று வெளுத்தது, ஒன்று நீலம் பாய்ந்தது. எனக்குக் கால் கடுத்து, "எதையோ ஒன்ன வாங்கித் தொலடி" என்று கத்திவிட்டேன்.

அவள் நின்று யோசித்தாள். "ஆமா. கொஞ்சமா மாறினாதான் தப்பு பண்ண மாதிரி தெரியும். மொத்தமா மாத்திட்டா, வேணும்னே போட்ட மாதிரி இருக்கும்" என்றாள். செங்கல் சிவப்பில் ஒரு கல்லைக் கேட்டாள். கனம் சரியாக இருக்கிறதா என்று பழைய துண்டோடு சேர்த்துத் தடவிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி, அந்தக் கடையிலும் ஒற்றைக் காலில் நின்றாள். இந்த முறை கணக்குப் போடும் வேலையை வினோத்திடமே போனில் விட்டுவிட்டாள். அவன் மூன்று பாக்ஸ் என்றான். மறுபேச்சு பேசாமல் மூன்றை வாங்கினாள். பீரோவுக்கு அடியிலும் சேர்த்தே போட்டாயிற்று.

அடுத்த ஞாயிறு சகாயமேரி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் அண்ணனைக் கூட்டிவந்தாள். பையில்லை, மாற்றுத் துணியில்லை. "சும்மா பாத்துட்டு சாயந்தரம் கெளம்பிடுவோம் அண்ணி" என்று இறங்கும்போதே சொல்லிவிட்டாள். ஞானகுமாரி சரி என்றாள். கைத்தாங்கலாகப் பிடிக்கப் போன என்னைப் பார்வையாலேயே நிறுத்தினாள்.

அந்தோணிராஜ் படியேறி உள்ளே வந்தார். ஊன்றுகோலை முதல் கல்லில் வைத்து அழுத்தினார், அடுத்ததில் அழுத்தினார். ஜன்னலோரக் கட்டிலில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டார். பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போனார். சிவப்புக் கல்லைப் பற்றி அந்தோணிராஜ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞானகுமாரி எதையும் கேட்காமல் பாத்திரம் விளக்கினாள்.

நான்கு மணி வாக்கில் சகாயமேரி எழுந்து, "அண்ணே, கெளம்பலாமா? ட்ரெய்னுக்கு நேரமாவுது" என்றாள்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். வாசல் பக்கம் திரும்புவார் என்று நான் நினைத்தேன். அவர் உள்பக்கம் திரும்பி, சாம்பல் கல்லைத் தாண்டிச் சிவப்புக் கல்லில் ஊன்றுகோலை வைத்தார். வேப்பம்பட்டில் அவர் கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே எப்போதும் ஓர் ஆள் நிற்கும், தாழ்ப்பாள் போடவும் விடமாட்டார்கள். சகாயமேரி பழக்கத்தில் பின்னாலேயே ஓடினாள். ஞானகுமாரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் தனியாகவே நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு அவர் குரல் கேட்டது.

"சகாயம், நீ கெளம்பும்மா. ட்ரெய்ன உட்டுடாத. என் துணிய நாளைக்கு யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்பு."