வேலாத்தாள் இடத்தில் உட்கார்ந்தவர்

பெருமாநல்லூர் சாலையில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அர்த்தநாரி சார் உடற்பயிற்சி ஆசிரியர். பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்து பேரைச் சேர்த்து வைத்திருப்பதிலேயே அவருடைய ஆயுள் போயிற்று.

பத்தாம் வகுப்பு வருவதற்குள் பாதிப் பெண்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் சனிக்கிழமைகளில் போவார்கள். போட்டிகளும் சனிக்கிழமைகளில்தான் நடந்தன.

எண்பத்தாறில் மண்டல இறுதி ஆட்டம் அவிநாசியில். எங்களில் உயரமானவள் வேலாத்தாள். வளையத்துக்கு அடியில் அவள் நின்றால்தான் எங்களுக்கு ஆட்டம். ஆனால் அவளுடைய அப்பா கைகால் விழுந்து படுத்திருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அவளை நிறுத்திவிடுவார்கள். சார் காலையிலேயே எங்களையும் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார். முதலாளி கிட்டுசாமி அவரிடம் படித்தவர்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு லோடு போயாகோணும். ஒரு கை கொறஞ்சாலும் நின்னு போயிருமுங்க.”

“கை கொறையாது கிட்டு. அவ எடத்துல நான் உக்காந்துக்கறேன்.”

கிட்டுசாமி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. கான்வாஸ் காலணியைக் கழற்றி வாசலில் வைத்தார். “போ கண்ணு, வண்டி போயிரும்” என்று வேலாத்தாளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிசிர் வெட்டும் மேசையில், பெண்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்திலேயே துணியில் பஞ்சு எழுப்பும் மிஷின். அங்கே வேலை செய்த ரங்காத்தாள் அக்கா அதைப் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்.

“நூல வெட்டுங்கன்னா பனியனையே வெட்டிப்போட்டாருங்க. ‘ஏனுங்க சார், இது ஃபவுல் இல்லீங்களா?’ன்னு கேட்டேன். நெசமாலுமே விசில எடுத்து ஊதிப்போட்டாரு!”

நாங்கள் ஜெயித்தோம். பயிற்சியாளர் உட்காரும் பெஞ்சில் எங்கள் பைகள்தான் இருந்தன. கோப்பையோடு நேரே கம்பெனி வாசலுக்கு வந்தோம். சார் புருவமெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தார். கோப்பையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

“கடைசிக் கூடை யாரு போட்டது?”

“நானுங்க சார்.”

“எந்தப் பக்கமிருந்து வேலாத்தா? எந்தக் கை? யாரு தடுத்தா? போட்டுக் காமி.”

பந்து இல்லாமல், வெறுங்கையோடு அவள் எகிறிக் காட்டினாள். வாட்ச்மேன் பீடியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. போட்டி நாளில் எந்தப் பெண்ணைக் கம்பெனி விடவில்லையோ, அவள் இடத்தில் சார் போய் உட்கார்ந்தார். அணியை வேறு யாராவது ஆசிரியர் கூட்டிப்போவார். முக்கியமான ஆட்டங்களையெல்லாம் சார் பிள்ளைகளின் வாயால்தான் பார்த்தார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு உண்டு. தொண்ணூறுகளில் இருமல் நிற்கவே இல்லை. பஞ்சுத் தூசி இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீங்க போய் உக்காந்தா அந்தப் புள்ளைக ஒரு நாள் வெளையாடும். நான் என்ன பண்றது?” என்று அவர் மனைவி முத்தாயி அம்மா கேட்பார்.

“இந்த வருஷம் மட்டுந்தான்” என்பார் சார். மறு வருஷமும் அதையே சொன்னார். கடைசிக் காலத்தில் விசிலை ஊதினால் காற்றுதான் வந்தது. கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

தொண்ணூற்றேழு மார்கழியில் இறந்தார். அன்றும் சனிக்கிழமை. நான் படிக்கப் போய் ஆசிரியையாகிவிட்டதால் என்னால் போக முடிந்தது. அவரிடம் விளையாடிய மற்றவர்கள் எல்லாரும் கம்பெனிகளில் இருந்தார்கள். ஏற்றுமதி நேரம். சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. பாடை கட்டி முடித்த பிறகும் முத்தாயி அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறுங்க. புள்ளைக வந்துரும்.”

கிட்டுசாமி காரில் வந்து மாலை போட்டார்.

“வேலாத்தா வல்லீங்களா?”

“லோடு இருக்குதுங்கம்மா” என்றார் அவர், தரையைப் பார்த்து. “அவ எடத்துல உக்கார ஆளில்லீங்க.”

அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

ஷிப்ட் முடிந்து இருட்டும் நேரத்தில் வேலாத்தாள் வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கழுவிவிட்டிருந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முத்தாயி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“யாருங்கம்மா முன்னாடி தூக்குனாங்க?” என்று கேட்டாள். “எந்தப் பக்கமாக் கொண்டு போனாங்க? பள்ளிக்கூடத்து வழியாவா?”

முத்தாயி அம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.