தலையாட்டும் போட்டோ

கருமத்தம்பட்டி அத்தை மதியம் போனில் கேட்டார்: "கண்ணு, பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு எடுத்த உன் போட்டோவ அசையற மாதிரி செஞ்சு குடு."

போன் செயலியில் தலையைக் குனிந்து நிமிர வைப்பதுதான் சுலபம். அது திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து அனுப்பினேன்.

அத்தை அதை மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

மாலையில் அம்மா கூப்பிட்டார். "அம்மணி, நீ சரின்னு தலையாட்டறதப் பாத்து அவங்க ஊட்டுல மண்டபமே பேசிப்போட்டாங்க!"

"நான் இன்னும் யோசிச்சுட்டுத்தானம்மா இருக்கறேன்?"

"அதான் நிக்காம ஆட்டறியே கண்ணு!"

குடும்ப குரூப்பைத் திறந்தால், அத்தை அங்கேயும் போட்டிருக்கிறார்; நான் விடாமல் சம்மதித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அதே போட்டோவில் தலையை இடமும் வலமுமாக ஆட்ட வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் பயம். நம்ம ஊரில் அதையும் சரி என்றே எடுத்துக்கொள்வார்களோ?