உபதலைவரை மாற்றிய கதை

பிரிண்டிங் கடையில், பிழை எழுத்தில் இருந்தாலும் முகத்தில் இருந்தாலும், வாடிக்கையாளர் முறைப்பது எங்களைத்தான். என்னைப்போலக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கு இது புதிதில்லை. எங்கள் கடை கனடாவில், டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்குக் கிட்ட. அமெரிக்கத் தேர்தல் முடிந்திருந்த நேரம். தோற்ற கட்சி உப ஜனாதிபதிக்கு வேறு ஆளை நிறுத்தியிருந்தால் முடிவே மாறியிருக்கும் என்று வந்தவர்கள் எல்லாம் வாதாடினார்கள். அந்த நாட்களில்தான் பக்கத்துக் கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் தேர்தல் வந்தது.

சிரிக்காத படம்

தேவராசா அண்ணை ஓய்வு பெற்ற பஸ் ட்ரைவர். தலைவருக்கு நின்றார். அந்தச் சங்கத்தில் தலைவரும் உபதலைவரும் சோடியாகத்தான் நிற்கவேணும். அவருடைய சோடி குணம் அண்ணை. கனடாவுக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே பேஸ்மென்டில், ஒரே மெத்தையில் முறைவைத்துப் படுத்தவர்கள். கட்டடத்து லிப்ட் அடிக்கடி நின்றுபோகும். அதைத் திருத்துவிப்போம் என்பதுதான் அவர்களுடைய வாக்குறுதி.

தேர்தல் நோட்டீசில் போடத் தந்த படத்தில் குணம் அண்ணை கடுகடுவென்று இருந்தார். சிரிக்கிற படம் இல்லையா என்று தேவராசா அண்ணையைக் கேட்டேன்.

"முப்பது வருசமாப் பழகிறன் தம்பி, உவன் சிரிச்ச படம் என்னட்டையும் இல்லை."

ஏழாம் மாடி

அடுத்த கிழமை ஜெசிந்தா அன்ரி போட்டோக்கொப்பி எடுக்க வந்தார். மன்னார் ஆள், முதியோர் பராமரிப்பு வேலை. அவரும் அதே கட்டடம்தான். லிப்ட் நிற்கிற நாட்களில் வயது போனவர்களுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டு படியேறுகிறவர். லிப்டைத் திருத்தச் சொல்லி வீடு வீடாக வாங்கிய கையெழுத்துகளைத்தான் கொப்பி எடுத்தார்.

"உங்கட வோட்டு தேவராசா அண்ணைக்குத்தானே?" என்றேன்.

அவர் கடதாசிகளை அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: "அவர் நல்ல மனுசன். ஆனா போன கூட்டத்திலை ஏழாம் மாடியிலை இருக்கிற ஒரு சோமாலி மனுசி, தன்ர தாய் மூண்டு நாளாக் கீழை இறங்கேல்லை எண்டு சொல்ல எழும்பினவ. குணம் அண்ணை அவவைப் பேசவிடாமல் இருத்திப்போட்டார். ஏழாம் மாடியிலை ஒருத்தரும் உந்தச் சோடிக்குப் போடமாட்டினம்."

தனியாக வந்தவர்

இரண்டு நாள் வாயை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தேவராசா அண்ணையிடம் சொன்னேன். "நான் எப்பிடி அவனுக்குச் சொல்லுறது?" என்றவர், நோட்டீசை எடுக்காமலே போய்விட்டார். தேவையில்லாமல் வாயைக் கொடுத்தேனே என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் குணம் அண்ணை தனியாக வந்தார். தன் படத்தை எடுத்துவிட்டு ஜெசிந்தாவின் படத்தைப் போடச் சொன்னார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதவு கதவாகத் தட்டப் போன இடத்தில் அவரே கண்டிருக்கிறார். தேவராசாவைப் பார்த்துத் திறந்தவர்கள் இவரைப் பார்த்ததும் மூடியிருக்கிறார்கள். சோமாலி மனுசியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அங்கிருந்தே ஜெசிந்தா அன்ரியிடம் போய்ச் சம்மதமும் வாங்கியிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"தேவா கேட்டா, எனக்குச் சுகமில்லை, அதாலை விலகீட்டன் எண்டு சொல்லும். உண்மையைச் சொன்னா அவன் என்னை விலக விடான்."

எண்ணி முடிந்த பிறகு

வென்றார்கள், மயிரிழையில். ஏழாம் மாடி முழுக்க இறங்கி வந்து வோட்டுப் போட்டதாம். நன்றி நோட்டீஸ் அடிக்க வந்த தேவராசா அண்ணையிடம், குணம் அண்ணைக்கு இப்போது சுகமா என்று கேட்டேன். குணம் அண்ணை சொல்லச் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னவன் நான்தானே.

"அவனுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை எண்டு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுகொண்டுதான் வோட்டுக்கு முந்தின நாலு நாளும் சூப் கொண்டுபோய்க் குடுத்தனான்."

உபதலைவரை மாற்றினால் முடிவு மாறுமா என்று யாராவது கேட்டால் மாறும் என்றுதான் சொல்வேன், ஆனால் விலகுகிறவர் தானாகவே வந்து சொன்னால் பிரிண்டிங் கடைக்காரனுக்குப் பெரிய உபகாரம்.