மீசைக்குக் கிடைத்த வேலை

என் நைனாவின் மீசைக்கு ஒரு சமயம் நல்ல வேலை கிடைத்தது. மீசைக்குத்தான் கிடைத்தது, அதை வைத்திருந்த ஆளுக்கு இல்லை என்று அம்மா சொல்லுவாள்.

தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் கிணறு வற்றிய வருடம், நாங்கள் மூன்று பேரும் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு கடலோர ஊருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் காலத்து மாளிகைகள் நாலைந்து அங்கே கூரை இடிந்து, சுவரில் அரசஞ்செடி முளைத்துக் கிடந்தன. அவற்றைப் பணக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழையது பழையதாகவே தெரிய வேண்டும், ஆனால் மழைக்கு ஒழுகக் கூடாது. அதுதான் உத்தரவு. நைனா கல் சுமந்தார். அம்மா சுண்ணாம்பு சலித்தாள். தெலுங்குப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றிருந்த நான், நாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்கும் கடலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் அம்மா ஒருத்தி வந்தாள். கல் சுமந்துகொண்டு போன நைனாவை நிறுத்தி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். நைனாவின் மீசை காதைத் தொடும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அவளோ புதையல் கிடைத்ததுபோல் சிரித்தாள். "இந்த மீசையை வச்சுக்கிட்டு நீங்க ஏன் கல்லு தூக்குறீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு நைனா வாசலில் நின்றார். சிவப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, இடுப்பில் உறையோடு ஒட்டிப்போன வாள். கார் வந்தால் குனிந்து கும்பிட வேண்டும். பேசக் கூடாது. நைனா பேசாமல் அரை மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. மீசையை முறுக்கி நிறுத்த ஒரு டப்பா மெழுகு கொடுத்திருந்தார்கள். மெழுகு போட்ட மீசையில் கூழ் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மத்தியானக் கூழை அவர் விட்டுவிட்டார்.

"சம்பளம் வாங்கறது மீசை, பட்டினி கெடக்கறது நீயா?" என்று அம்மா சிரிப்பாள்.

"நீ வேணா மீச வச்சிக்கினு வந்து நில்லுமே. நான் சுண்ணாம்பு சலிக்கறேன்."

வந்து தங்கியவர்கள் எல்லாரும் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சிரி என்பார், இன்னொருவர் சிரிக்காதே, முறைத்துப் பார் என்பார். ஒரு நாள் ஒரு குழந்தை மீசையைப் பிடித்துத் தொங்கியது. அதன் அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். நைனாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நானும் கைதட்டிச் சிரித்தேன். அன்று கொட்டகைக்கு வந்ததும் நானும் தொங்கணும் என்றேன். அவர் கோட்டின் பித்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வேலை நிரந்தரமானால் நைனாவுக்கு மொட்டை போடுவதாக அம்மா பெருமாளுக்கு வேண்டியிருந்தாள். கோடை தொடங்கும்போது நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். பின்கட்டில் ஓர் அறை, எனக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம். அறையில் மின்விசிறி இருந்தது. நான் அதன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

நைனா லீவு கேட்டபோது மேனேஜர் அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தலையை என்ன வேணா பண்ணிக்கோங்க, தலைப்பாகை மறைச்சிடும். மீசையில மட்டும் கை வைக்காதீங்க."

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து பெருமாள் மலைக்கு நடந்தே ஏறினோம். வழக்கத்துக்கு மாறாக நைனா வழியெல்லாம் பேசவில்லை. வாசலில் நின்று பழகியதால் வாயடைத்துவிட்டது என்று அம்மா கேலி செய்தாள். முடி இறக்கும் மண்டபத்தில் தலையை நனைத்துக்கொண்டு அவர் உட்கார, அம்மாவும் நானும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். தலையைச் சிரைத்து முடித்த நாவிதர் மீசையைப் பார்த்துக் கத்தியை நிறுத்தினார்.

"மீசாலு கூடா தீசேயாலா?" என்றார். மீசையையும் எடுத்துவிடவா என்று கேட்டார்.

நைனா மீசையின் நுனியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "தீசேய் அண்ணா" என்றார்.

அம்மா கம்பியைப் பிடித்துக் கத்தினாள். "யோவ், மொட்டதானே வேண்டிக்கினேன்! மீசயயா வேண்டிக்கினேன்?"

"சாமிக்கு அரையும் கொறையுமா குடுப்பாங்களா?" என்று திரும்பாமலே சொன்னார். அதற்குள் ஒரு பக்கம் போயிருந்தது.

வெளியே வந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெளுத்து, சின்னப் பையன்போல் இருந்தார். மலை இறங்கும்போது வாய் ஓயாமல் பேசினார். கூழ் விற்றவளிடம் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பியபோது மேனேஜர் அம்மா திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "வளர்ந்ததும் வாங்க, இடம் உங்களுக்குத்தான்" என்றாள். அது வரைக்கும் பிழைக்க வேண்டுமே என்று பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குப் போனோம். நைனா கூடை தூக்கினார். அம்மா பழம் தரம் பிரித்தாள். அந்த மண்டியில் தொடங்கி எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. நான் பள்ளிக்கூடம் பக்கம் திரும்பப் போகவில்லை.

மண்டியில் குடிக்கவே தண்ணீர் வரிசையில் நின்றுதான் பிடிக்க வேண்டும். அதிலும் நைனா தினமும் விடியற்காலையில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு லாரி மறைவில் உட்கார்ந்து முகம் மழிப்பார். முதல் வாரம் அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் போய் எதிரே குந்தி அவருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அது அவள் வேலையாகிவிட்டது.

தூங்கிக்கொண்டிருந்த எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது; பெருமாள் எடுத்துக்கொண்ட முடி சீக்கிரம் வளராதுபோல என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் நைனா கூடை தூக்கக் கிளம்புமுன் அவர் மடியில் ஏறி, அவர் மேலுதட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். பள்ளிக்கூடப் பையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தேன்.